முள் ஏறுது, விசிறி சுத்தலே!

எங்கள் வீட்டு மாருதி 800 என் மாமனார் 1998-ல் வாங்கியது. நான் மருமகளாகப் பொத்தேரிக்கு வந்தபோது அதுவும் வீட்டில் ஓர் ஆள் மாதிரி வாசலில் நின்று கொண்டிருந்தது. ஏசி கிடையாது. ஆனாலும் 2013, 2018, 2023 என்று மூன்று தடவை ஆர்.சி. புதுப்பித்து வைத்துக்கொண்டிருக்கிறோம். "வித்துடலாமே" என்று யாராவது சொன்னால் அத்தைக்குக் கண் கலங்கிவிடும்.

கார் சமாசாரம் நமக்கெதற்கு என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள், சகோதரிகளே! நானும் அப்படித்தான் இருந்தேன். 2024 மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று என்னை மாற்றிவிட்டது.

செங்கல்பட்டிலிருந்து என் அக்கா மகளையும் அவளுடைய நாற்பத்தைந்து நாள் குழந்தையையும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். லீவு முடிந்து ஊர் திரும்பும் கூட்டம். ஜி.எஸ்.டி. ரோடில் பரனூர் வரை வண்டி ஜம்மென்று வந்தது. சுங்கச்சாவடி வரிசையில் நின்றதுமே சூடு காட்டும் முள் மேலே போக ஆரம்பித்தது. அதைத் தாண்டி வண்டி ஓடியதும் இறங்கிவிட்டது. "பார்த்தியா, ஒண்ணுமில்லே" என்றார் என் கணவர். சிங்கப்பெருமாள் கோவிலில் மறுபடி நெரிசல். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது; பானட்டுக்குள்ளிருந்து புஸ்ஸென்று ஆவி!

குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூவரும் ஒரு கடை நிழலுக்கு ஓடினோம். வெயிலில் குழந்தையின் முகம் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. "பால் கொடுத்துக்கிட்டே இரும்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், இவர் துண்டை மடித்துக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகிக்கொண்டிருக்கிறார்!

"என்னங்க, வேண்டாம்!" என்று நான் கத்துவதற்குள் கொதிநீர் பீய்ச்சி அடித்தது. வலது முன்கை பூராவும் வெந்துவிட்டது.

பிரஷர் குக்கரை ஆவி அடங்காமல் நாம் திறப்போமா? ரேடியேட்டரும் அதே ஜாதிதான். அழுத்தத்தை உள்ளே பிடித்து வைப்பது அந்த மூடிதான். அழுத்தம் இருப்பதால் உள்ளே இருக்கும் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும். மூடியைத் திறந்த கணமே அத்தனையும் பொங்கி வெளியே பாயும். இஞ்சினை நிறுத்திவிட்டு அரை மணி நேரமாவது ஆற விட வேண்டும். மூடி கைக்குச் சுடவே கூடாது. அதற்கப்புறம்தான் திறப்பது.

கடைக்காரர் பற்பசை டியூபை நீட்டினார். நான் வாங்கவில்லை. வெந்த கையைக் கடைக் குழாயடியில் இருபது நிமிஷம் பிடித்திருக்கச் சொன்னேன். வீங்குவதற்கு முன்பே கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றினேன். ஐஸ், மை, மஞ்சள், வெண்ணெய், மாவு எதுவும் போடக் கூடாது. கொப்புளத்தை உடைக்கவும் கூடாது. சுத்தமான வெள்ளைத் துணியால் தளர்வாக மூடி டாக்டரிடம் போனோம். ஆறுவதற்கு மூன்று வாரம் ஆயிற்று.

அதற்கப்புறம்தான் மெக்கானிக் படலம். ஒருவர் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணினார். இன்னொருவர் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். பணம் போயிற்று, சூடு போகவில்லை. மூன்றாவதாக வந்தவர், "ஹெட்டை இறக்கணும், பன்னிரண்டாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார். அது என் பையனின் காலேஜ் பீஸுக்கென்று எடுத்து வைத்திருந்த பணம்.

இரண்டு நாள் தூக்கமில்லை. மாவாட்டும்போது கூட அதே யோசனைதான். ஓடினால் சூடு இல்லை, நின்றால்தான் சூடு. அப்படியென்றால் என்ன? முன்பெல்லாம் எங்கள் வாசலில் வண்டி நின்றபடி ஓடிக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் 'புர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று!

எதிர் வீட்டு அண்ணன் மாநகரப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய்ச் சொன்னேன். "அட, சரியாப் புடிச்சிட்டியேம்மா!" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. அம்பாசிடர், பத்மினி வண்டிகளில் விசிறியை இஞ்சின்தான் பெல்ட் போட்டுச் சுற்றும். இஞ்சின் ஓடினால் விசிறியும் ஓடியே தீரும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதில் இஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருப்பதால் விசிறிக்குத் தனியாகக் கரண்ட் மோட்டார். வண்டி வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும், விசிறிக்கு வேலையில்லை. நிற்கும்போது தண்ணீர் ஓர் அளவு சூடானதும் தெர்மோ சுவிட்ச் என்ற சின்னச் சாமான் விசிறியைப் போட்டுவிடும். நம் இஸ்திரிப் பெட்டியில் சூடு ஏறினால் தானே அணைகிறதே, அதைத் திருப்பிப் போட்ட மாதிரி.

முதலில் ஃபியூஸைப் பார்த்தார். நன்றாக இருந்தது. இஞ்சின் ஆறியிருந்தபோது தெர்மோ சுவிட்சுக்குப் போகும் ஒயரைக் கழற்றி, சாவியைப் போட்டுவிட்டு, இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்தார். அப்போது விசிறி சுற்றினால் கெட்டது அந்த சுவிட்ச்தான். எங்களுக்குச் சுற்றவில்லை. (இது கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிக்குத்தான். கம்ப்யூட்டர் வைத்த வண்டிகளில் இந்தக் கைவைத்தியம் வேண்டாம், பெட்டியே போய்விடும்.)

அடுத்து சாவியை எடுத்துவிட்டு, விசிறி மோட்டாரின் ஒயரை உருவி, பேட்டரியிலிருந்து தனியாக இரண்டு ஒயர் கொடுத்தார். விர்ரென்று சுற்றியது பாருங்கள்! மோட்டாரும் நல்லதுதான். அப்புறம் மிச்சம் என்ன? நடுவிலிருக்கும் ஒயர்தான். டெஸ்ட் லாம்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போனார். கரண்ட் வந்து சேருகிறது, திரும்பிப் போகத்தான் வழியில்லை. பாடியோடு எர்த் ஒயரை முடுக்கியிருந்த போல்ட் பூராவும் துரு! மழைக்காலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றதன் பலன்.

போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினார். உப்புத்தாளின் விலை இருபது ரூபாய். அண்ணன் காசு வாங்கவில்லை. வடையும் காப்பியும் கொடுத்தேன்.

வண்டியை ஸ்டார்ட் செய்து நின்றபடியே ஓடவிட்டோம். முள் பாதியைத் தாண்டியது. எனக்கு நெஞ்சு திக்திக்கென்றது. 'புர்ர்!' கொஞ்ச நேரத்தில் முள் இறங்கியது, விசிறி தானே நின்றது. மறுபடி ஏறியது, மறுபடி சுற்றியது. அத்தை திண்ணையிலிருந்து கைதட்டினார்கள்.

அண்ணன் இன்னும் இரண்டு சொன்னார். மோட்டாரைக் குச்சியால் லேசாகத் தட்டினால் சுற்றுகிறது என்றால் உள்ளே கார்பன் தேய்ந்துவிட்டது, கூடிய சீக்கிரம் படுத்துவிடும். புது மோட்டார் போட்டால் ஒயரை மாற்றிக் கொடுத்துவிடுவதும் உண்டு. விசிறி எதிர்ப்பக்கம் சுற்றும். மாருதி மாதிரி விசிறி ரேடியேட்டருக்குப் பின்னாலிருக்கும் வண்டியில் முன் கிரில்லில் ஒரு தாளைப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி, தள்ளினால் தப்பு.

நடு ரோட்டில் முள் ஏறிவிட்டால் ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்துவிடுங்கள். கொதிக்கிற இஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு விரிசல் விடும். ஹீட்டர் இருக்கும் வண்டியென்றால் அதை முழுதாகத் திருப்பி வைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டி நிழல் சேரலாம். இஞ்சின் சூடு உள்ளே வந்துவிடும். கைக்குழந்தை இருந்தால் அதை யோசிக்கவே வேண்டாம், முதலில் குழந்தையை இறக்குங்கள்.

தாய்மார்களுக்கு இன்னொன்று. சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் விசிறி திடீரென்று சுற்றும். பானட் திறந்திருக்கும்போது முந்தானையையும் பின்னலையும் செருகிக்கொள்ளுங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். ரேடியேட்டரில் ஊற்றும் பச்சை நிறக் கூலன்ட் சர்பத் மாதிரி இருக்கும், இனிக்கவும் செய்யும். ஆனால் கொடிய விஷம், சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். எங்கள் மெக்கானிக் ஒருவர் அதைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வாசல் திண்ணையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்! நான் அதை எடுத்துப் பரண்மேல் பூட்டி வைத்த பிறகுதான் மற்ற வேலையைப் பார்த்தேன்.

போன மாதம் அக்கா மகளைத் திரும்ப அழைத்து வரப் போனோம். குழந்தை இப்போது நடக்கிறது. பரனூரில் அதே வரிசை, அதே வெயில். என் கண் முள்ளைவிட்டு அகலவில்லை. 'புர்ர்' என்றதும் அவள் திடுக்கிட்டு, "சித்தி, என்ன சத்தம்?" என்றாள்.

"ஃபேன்டி, பயப்படாதே" என்றேன். இவர் வலது கையைத் தடவிக்கொண்டார்.