ருசியில்லாத தர்பூசணிதான் ருசியான தர்பூசணியைக் காப்பாற்றுகிறது!

கோடை வந்துவிட்டால் புதுச்சேரி கருவடிக்குப்பத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் தர்பூசணிக் குவியல்கள் முளைத்துவிடும். பாரதியாரின் குயில் தோப்பு இருக்கும் அதே ஊர்தான். வெயிலில் வந்து நிற்பவர்கள் பழத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா சிவப்பா இருக்குமா?” என்றுதான் கேட்பார்கள். சிவப்பும் இனிப்பும் இருந்தால் போதும், பழம் விற்றுவிடும்.

அந்தக் குவியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு பழத்துக்கும் அடுத்த பழத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. சந்தைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை சில வீரிய ஒட்டு ரகங்கள்தான். வயல் முழுக்க ஒரே ரகம் என்றால் விற்பதற்கு வசதி. ஆனால், அந்த ரகம் தாங்காத ஒரு நோய் வந்துவிட்டால் மொத்த வயலும் போச்சு. வாடல் நோயும், இலைப்பேன் பரப்பும் மொட்டுக் கருகல் வைரஸும் தர்பூசணி விவசாயிகளை அப்படித்தான் மிரட்டுகின்றன.

இனிப்புக்குக் கொடுத்த விலை

தர்பூசணியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. பல ஆயிரம் ஆண்டுகளாக, இனிப்பான பழத்தின் விதையையே மனிதர்கள் எடுத்துவைத்து விதைத்தார்கள். 2013-ல் தர்பூசணியின் மரபணுத் தொகுதி வெளியானது. அப்போது 20 வகைகளை ஒப்பிட்டுப் பார்த்ததில், நோயை எதிர்க்கும் மரபணுக்கள் பல வழியிலேயே தொலைந்துவிட்டது தெரிந்தது.

தொலைந்ததைத் தேட, சப்பென்றும் கசப்பாகவும் இருக்கும் சொந்தக்காரச் செடிகளிடம்தான் போக வேண்டும். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவில் வாடல் நோய் தோட்டங்களை அழித்தபோது, வில்லியம் ஆர்ட்டன் என்ற விஞ்ஞானி அதைத்தான் செய்தார். ‘ஈடன்’ என்ற இனிப்பு ரகத்தை, யாரும் விரும்பிச் சாப்பிடாத சிட்ரான் தர்பூசணியோடு கலந்தார். 1911-ல் ‘கான்கரர்’ என்ற ரகம் கிடைத்தது. ருசியில் அது ஜெயிக்கவில்லை. ஆனால், வாடல் நோயைத் தாங்கியது. பின்னால் வந்த ரகங்களை உருவாக்கவும் உதவியது.

பழத்துக்காக ஒரு போர்

ராஜஸ்தானில் ‘மதீரா’ என்ற நாட்டுத் தர்பூசணி பாலைவன மணலிலும் காய்க்கும். 1644-ல், எல்லை தாண்டிப் படர்ந்த கொடியில் காய்த்த பழம் யாருக்குச் சொந்தம் என்று பிகானேரும் நாகௌரும் போரே நடத்தியதாகச் சொல்கிறது அந்த ஊர் வரலாறு. இன்று பிகானேரில் உள்ள மத்திய வறண்ட நிலத் தோட்டக்கலை நிறுவனம், மதீராவிலிருந்து புதிய ரகங்களைத் தேர்ந்தெடுத்துத் தந்திருக்கிறது. பெங்களூரு ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘அர்கா ஜோதி’க்கும் ஒரு பெற்றோர் ராஜஸ்தான் நாட்டு ரகம், இன்னொன்று அமெரிக்காவின் ‘கிரிம்சன் ஸ்வீட்’.

நம் பக்கத்து மணல்வெளிகளில் படரும் ஆற்றுத்தும்மட்டியும் தர்பூசணியின் சொந்தம்தான். கடும் கசப்பு, வாயில் வைத்தால் ஆபத்து. ஆனால், மழையே இல்லாவிட்டாலும் அந்தக் கொடி தாங்கி நிற்கும். ஆராய்ச்சியாளர்கள் அதைத் தேடிப் போவது இதற்காகத்தான்.

விதை இருக்கிறதா?

ஒட்டு ரகப் பழத்தின் விதையை எடுத்து நட்டால், தாய்ப் பழம் போலவே காய்க்காது. நாட்டு ரக விதை அப்படியல்ல. தலைமுறை தலைமுறையாக எடுத்துவைக்கலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பக்கத்தில் வேறு தர்பூசணி இருந்தால் தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும். அதனால், மறுநாள் மலரப்போகும் ஆண், பெண் மொட்டுகளை மாலையிலேயே உறையிட்டு மூடி, காலையில் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவி, மறுபடி மூடிவிட வேண்டும். அந்தக் காயில் ஓர் அடையாளக் கயிறு கட்டிவையுங்கள்.

சொந்த ஊரில் யாராவது பழைய தர்பூசணி விதையை இன்னும் வைத்திருந்தால், அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பேட்டில் இருக்கிறது. பாரம்பரிய ரகத்தை விவசாயி தன் பெயரிலேயே பதிவு செய்துகொள்ள 2001-ம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. அந்த விதை முளைக்கும் திறனை இழப்பதற்குள் கேட்டுவிடுவது நல்லது.