ஊசி போடுமுன் தண்ணீரைச் சோதியுங்கள்

சம்மணமிட்டு உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. யாராவது கூப்பிட்டால் கழுத்து மட்டும் திரும்புவதில்லை, உடம்பே சேர்ந்து திரும்புகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து நடுவயதுக்காரர் ஒருவர் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்தால், ‘மூட்டுத் தேய்மானம்’ என்று மாத்திரை எழுதுமுன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"

இந்த நோயின் பெயர் எலும்பு புளோரோசிஸ். 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இதைக் கண்டு எழுதினார்கள் ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும். கருங்கல் பாறைகளில் உள்ள புளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. ஒரு லிட்டரில் 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரக்கணக்கு. அதைத் தாண்டிய நீரைப் பல ஆண்டுகள் குடித்தால், புளோரைடு எலும்பில் படிந்துகொண்டே போகும்.

படியப் படிய எலும்பு தடிக்கும்; ஆனால் பலப்படாது. தசைநார்கள் சுண்ணாம்பேறி இறுகும். முதுகெலும்பு மூங்கில் கழிபோல விறைத்து, பிறகு கூனும். தண்டுவடம் செல்லும் குழாயும் குறுகினால் நரம்பு நசுங்கும். கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிறுநீர் கட்டுக்குள் நிற்காது.

நோயைக் கண்டுபிடிப்பது கடினமில்லை, நினைவுக்கு வருவதுதான் கடினம். முழங்கால் மடங்காமல் குனிந்து கால்விரலைத் தொட முடிகிறதா? முகவாய் நெஞ்சில் படுகிறதா? கைகளைப் பிடரிக்குக் கொண்டுபோக முடிகிறதா? முடியாவிட்டால் முன்கையை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இரண்டு எலும்புகளுக்கும் நடுவிலுள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருப்பது முக்கியமான தடயம். சிறுநீரிலும் குடிநீரிலும் புளோரைடு அளவைப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

பல்லில் காவிக்கறை இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. பல் உருவாகும் சிறுவயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கே கறை வரும். வேறு ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணுக்குப் பல் வெள்ளையாகவே இருக்கும், இடுப்புதான் இறுகியிருக்கும்.

படிந்ததை முழுக்க அகற்ற மருந்து இல்லை. முதல் சிகிச்சை தண்ணீரை மாற்றுவது. அதோடு கால்சியமும் வைட்டமின்களும் நிறைந்த உணவு, வலி மாத்திரை, உடற்பயிற்சி. நரம்பு நசுங்கியிருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். இறுகிய எலும்பில் அது எளிதல்ல. தண்ணீரைக் காய்ச்சினால் புளோரைடு போகாது, நீர் சுண்டி அளவு கூடவே செய்யும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் குழாயில் காவிரித் தண்ணீர் வராத நாளில் குடம் மறுபடி போர்த் தண்ணீருக்குத்தான் போகும். அந்த நாட்கள் குறைய வேண்டும். அதுதான் இந்த நோய்க்கு அரசு தர வேண்டிய மருந்து.

உங்கள் வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு முதுகும் மூட்டும் இறுகினால், குடிக்கும் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். வளைந்த முதுகை நிமிர்த்துவது அரிது. வளையாமல் காப்பது நம் கையில் இருக்கிறது.