வரித்தலை வாத்தும் வயல் வாத்தும்

சென்ற தை மாதம் ஒன்பதாம் வகுப்பு மாணவியருடன் கூந்தன்குளம் சென்றிருந்தோம். திருநெல்வேலியிலிருந்து சுமார் 38 கிலோமீட்டர் தொலைவில், நாங்குநேரி வட்டத்தில் உள்ள சிற்றூர் அது. மணிமுத்தாற்று அணையின் நீர் கால்வாய் வழியே வந்து அவ்வூர்க் குளத்தை நிரப்புகிறது. 1994-இல் அரசு அதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஆனால் அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே ஊரார் அதை அவ்வாறுதான் காத்து வந்தனர். தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை. வீட்டுக் கொல்லை மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. மரத்தடியில் கோழிகள் மேய்கின்றன.

குளத்தின் நடுவே வரித்தலை வாத்துகள் கூட்டமாக மிதந்துகொண்டிருந்தன. வெண்மையான தலையின் பின்புறம் இரண்டு கரிய பட்டைகள் இருப்பதால் அப்பெயர். அவற்றைப் பார்த்த ஒரு மாணவி, "டீச்சர், பறவைக் காய்ச்சலைக் கொண்டு வருவது இவைதானா?" என்று கேட்டுவிட்டாள். அருகில் நின்ற ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு முகம் வாடிவிட்டது. "அப்படிச் சொல்லாத தாயி, இது எங்க ஊருக்கு வாற விருந்தாளில்லா!" என்றார்.

அவளுக்கு அங்கேயே நான் முழு விடை சொல்லவில்லை. "ஆம்" என்றாலும் தவறு, "இல்லை" என்றாலும் தவறு. ஆகவே இக்கட்டுரை.

இந்த வாத்துகள் திபெத்து, மங்கோலியா ஆகிய நாட்டு ஏரிகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து நம்மிடம் வருகின்றன. அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், பிராணவாயு குறைவு. இவற்றின் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் அமினோ அமிலங்கள் சில பரம்பரையாகவே மாறியிருப்பதால் அந்த மெல்லிய காற்றிலிருந்தும் பிராணவாயுவை இறுகப் பற்றிக்கொள்ள முடிகிறது. மலையைத் தாண்டும் அந்தச் சிறப்பு நோயைத் தாங்கும் சிறப்பு ஆகாது. 2005-ஆம் ஆண்டு மே மாதம் சீனாவின் சிங்காய் ஏரியில் எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் வைரஸ் புகுந்தபோது ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் மடிந்தன. அவற்றுள் மிகுதியானவை வரித்தலை வாத்துகளே.

அப்படியானால் இந்த வைரஸ் எங்கே பிறந்தது? காட்டு நீர்ப்பறவைகளின் குடலில் இன்புளுயன்சா வைரஸ்கள் நெடுங்காலமாகவே குடியிருக்கின்றன. பெரும்பாலும் அவை சாதுவானவை. இவ்வைரஸின் மேல் ஒரு புரதம் உண்டு. உடலின் செல்லுக்குள் நுழைய வேண்டுமானால் அப்புரதம் முதலில் வெட்டப்பட வேண்டும். சாதுவான வகையை வெட்டும் நொதிகள் குடலிலும் மூச்சுக் குழலிலும் மட்டுமே இருக்கின்றன; ஆகவே நோய் அங்கேயே அடங்கிவிடும். அது கோழிப் பண்ணைக்குள் வந்தால் கதை மாறுகிறது. ஒரே இனம், ஒரே வயது, ஒரே கொட்டகையில் ஆயிரக்கணக்கான கோழிகள். பரம்பரையில் ஒன்றுக்கொன்று வேற்றுமை மிகக் குறைவு. வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது பிழைகள் நேர்கின்றன. அப்புரதத்தின் வெட்டுமிடத்தில் ஒரு பிழை நேர்ந்து, உடலெங்கும் உள்ள நொதிகளாலேயே அது வெட்டப்படும்படி ஆகிவிட்டால், மூளை, இதயம், ஈரல் எல்லாம் அதற்குத் திறந்த வீடு. அப்போது கொட்டகையே ஓரிரு நாளில் காலியாகிறது. சிங்காய் வைரஸின் மூதாதை 1996-இல் சீனாவின் குவாங்டாங் மாநிலத்தில் வளர்ப்பு வாத்துகளிடம் கண்டறியப்பட்டது. மறு ஆண்டு ஹாங்காங்கில் 18 பேரைத் தொற்றி 6 பேரைக் கொன்றது. மனிதர் வளர்த்த பறவைகளிடமிருந்துதான் அது காட்டுப் பறவைகளுக்குப் போயிற்று என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இனி நம் வயல் வாத்துக்கு வருவோம். பிசான அறுவடை முடிந்ததும் தாமிரபரணிக் கரை வயல்களில் வாத்துக் கிடைகள் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சிந்திய நெல்லையும் நத்தையையும் பொறுக்கித் தின்று, ஒரு வயல் தீர்ந்தால் அடுத்த வயல், ஓர் ஊர் தீர்ந்தால் அடுத்த ஊர் என்று அவை நகரும். இவ்வாத்துகளிடம் 'ரிக்-ஐ' என்றொரு மரபணு உண்டு. உள்ளே நுழைந்த வைரஸை உடனே அடையாளம் கண்டு மணியடிக்கும் காவற்காரன் அது. கோழியிடம் அது இல்லை. பரிணாமத்தின் போக்கில் எங்கோ இழந்துவிட்டது. கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2010-இல் இதனைக் கண்டறிந்தனர். வாத்தின் அந்த மரபணுவைக் கோழியின் செல்லுக்குள் வைத்துப் பார்த்தபோது வைரஸின் பெருக்கம் குறைந்தது.

இதன் விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். கோழி செத்து விழுந்து ஊருக்குச் செய்தி சொல்லிவிடுகிறது. வாத்தோ பல சமயங்களில் நோயைச் சுமந்துகொண்டே நடமாடி, எச்சத்தின் வழியே நீரில் வைரஸை விட்டுச் செல்கிறது. எப்போதும் தப்பிவிடும் என்று சொல்வதற்கில்லை. 2014-இல் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான வாத்துகளே மடிந்தன. ஆனால் தாய்லாந்தில் 2004-இல் நோய் பரவிய இடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது, ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் விளைந்து, மேய்ச்சல் வாத்துகள் திரிந்த பகுதிகளோடு அவை பொருந்தி நின்றன. காரும் பிசானமும் விளையும் நம் ஆற்றங்கரைக்கு இது அயலான செய்தியன்று.

பழக்கம் மட்டுமன்றி நீரின் குளிர்ச்சியும் இதில் கணக்கு. இவ்வைரஸ் 22 டிகிரி வெப்பமுள்ள நீரில் நான்கு நாள் வரையிலும், உறைநிலையில் முப்பது நாளுக்கு மேலும் உயிர்த்திருக்கும். இமாசலப் பிரதேசத்தின் பாங் அணை ஏரியில் 2020 டிசம்பர் கடைசியில் தொடங்கிச் சில வாரங்களில் ஐயாயிரம் அளவில் பறவைகள் இறந்தன. அங்கும் பெரும்பாலானவை வரித்தலை வாத்துகள். கூட்டமாகப் பயிர்களில் மேய்ந்து, கூட்டமாக அதே நீருக்குத் திரும்பி, எச்சமிட்ட நீரையே குடிக்கும் வழக்கமும், மார்கழிக் குளிரும் அங்கே சேர்ந்துகொண்டன. நம் குளத்து நீரில் தை மாதத்திலும் அந்தக் குளிர் இல்லை. இது ஓர் ஆறுதல்தான். ஆனால் உத்தரவாதம் ஆகாது.

"பேசாமல் பறவைகளை விரட்டிவிட்டால் என்ன?" என்று திரும்பும்போது பேருந்தில் ஒருத்தி கேட்டாள். விரட்டப்பட்ட பறவை மறைந்துவிடுவதில்லை. கூந்தன்குளத்தை விட்டால் விசயநாராயணம், அதை விட்டால் வேறொரு குளம் என்று சிதறும். ஒரே இடத்தில் கண்ணுக்கு முன் இருக்கும் கூட்டத்தில் பத்துப் பறவை செத்தால் அன்றே தெரியும்; ஐம்பது குளங்களில் சிதறியதை யார் பார்ப்பது? 2011 முதல் ஆண்டுதோறும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் தொண்டர்கள் நீர்ப்பறவைகளை எண்ணி வருகிறார்கள். அவ்வாறு எண்ணுகிறவர்களும், விடியற்காலையில் குளக்கரைக்கு வரும் ஊர்க்காரர்களும்தாம் நமக்குக் கிடைத்த முதல் காவல்.

வீட்டில் கோழி வளர்ப்போர் பலர் நம் பெற்றோரில் உண்டு. கோழியையும் வாத்தையும் ஒரே கூட்டில் அடைக்க வேண்டாம். ஒரே தொட்டியில் தண்ணீரும் வைக்க வேண்டாம். குளத்து நீரை அவற்றுக்கு ஊற்றாமல் கிணற்று நீரோ குழாய் நீரோ கொடுங்கள். காரணம் தெரியாமல் பறவைகள் செத்துக் கிடந்தால், அது காகமாயினும் சரி, கையால் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். முட்டையும் கறியும் நன்றாக வெந்தால் அச்சமில்லை. 70 டிகிரி சூட்டில் வைரஸ் அழிந்துவிடும். அரை வேக்காட்டு முட்டை பிரியர்கள் மட்டும், நோய் பரவும் சமயத்தில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தப் பெரியவர் வீட்டுக் கொல்லையில் நாரைக் கூட்டுக்கு நேர் கீழே கோழிக்கூடு இருந்தது. அதைச் சற்றுத் தள்ளி வைக்கலாமே என்று புறப்படும்போது தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "கோழியத்தான தள்ளி வைக்கணும்? அது ஆகும்" என்றார்.