வாத்தியாரும் மண்வெட்டி பிடித்த பண்ணை

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரிலிருந்து 21 மைல் தள்ளி, லாலி என்ற சிறிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், 1910-ஆம் ஆண்டின் நடுவில் சில தகரக் கொட்டகைகள் எழுந்தன. அங்கே குடியேறியவர்களில் பதினைந்து, பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் பலர். அவர்கள் குழி வெட்டினார்கள், மரம் வெட்டினார்கள், மூட்டை சுமந்தார்கள், செருப்புத் தைத்தார்கள், சமைத்தார்கள். மலக்குழியை மண் போட்டு மூடியதும் அவர்கள்தான். மதியத்துக்கு மேல் தூக்கம் கண்ணைச் சுழற்றச் சுழற்றப் பாடம் படித்தார்கள். இரவு பிரார்த்தனையில் உட்கார்ந்துவிட்டு 9 மணிக்குப் படுத்தார்கள்.

அந்த இடத்தின் பெயர் டால்ஸ்டாய் பண்ணை. அதை நடத்தியவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அப்போது அவருக்கு வயது 40.

பையன் எப்போது ஆண்பிள்ளை ஆகிறான் என்ற கேள்விக்கு நம் வீடுகளில் இன்று தெளிவான பதில் இல்லை. மீசை அரும்பினால் ஆகிவிட்டான் என்கிறோம். சம்பளம் வாங்கினால் ஆகிவிட்டான் என்கிறோம். ப்ளஸ் டூ படிக்கும் மகனுக்குச் சோற்றுத் தட்டை மேஜைக்கே கொண்டுபோய் வைத்து, சாப்பிட்ட தட்டையும் தாயே எடுத்துக்கொண்டு வருகிறாள். “படிக்கிற பையன், அவனை எதுக்கு வேலை வாங்கணும்?” என்று தந்தை கேட்கிறார். அந்தப் பையன் இருபத்திரண்டு வயதில் வேலை கிடைத்து வெளியூர் போகும்போது ஒரு குழம்பு வைக்கத் தெரியாது, அடைத்துக்கொண்ட தொட்டியைச் சுத்தம் செய்யத் தெரியாது, உடம்புக்கு முடியாதவரைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது. இதில் பையனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் கற்காமல் வளர்ந்ததற்குக் காரணம், கற்றுத்தர யாரும் பக்கத்தில் நிற்கவில்லை என்பதுதான். லாலி பண்ணையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம்தான் மேலெழுகிறது.

பண்ணை பிறந்ததற்குக் காரணம் கல்விக் கொள்கை எதுவும் அல்ல, பணமுடை. ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து 1906-இல் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. சிறை சென்றவர்களின் குடும்பங்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. அப்போது காந்தியின் நண்பர் ஹெர்மன் காலன்பாக், ஜெர்மனியிலிருந்து வந்த யூதக் கட்டடக் கலைஞர், தாம் வாங்கிய 1,100 ஏக்கர் நிலத்தை வாடகை இல்லாமல் கொடுத்தார். ஆயிரம் பழமரங்களும் இரண்டு கிணறும் ஓர் ஊற்றும் அதில் இருந்தன. குடியேறியவர்களில் சுமார் 40 பேர் இளைஞர்கள். குழந்தைகள் இருபது முப்பது பேர். குஜராத்திகள், தமிழர்கள், தெலுங்கர்கள், வட இந்தியர்கள் என எல்லோரும் இருந்தார்கள். இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர் என எல்லா மதத்தவரும் இருந்தார்கள்.

வேலைக்காரர் யாரும் வைத்துக்கொள்வதில்லை என்று முதல் நாளே முடிவாயிற்று. கட்டடம் எழுப்புவது தொடங்கிக் கழிவை அகற்றுவது வரை எல்லாம் பண்ணைவாசிகளின் கையால்தான். பையன்களுக்குச் சமையல் பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. தச்சு வேலை காலன்பாக்குக்கும் இன்னொருவருக்கும் ஓரளவு தெரியும் என்பதால் அதற்கு ஒரு சிறு வகுப்பு நடந்தது. செருப்புத் தைக்க யாருக்கும் தெரியாது. காலன்பாக் மரியன்ஹில்லில் இருந்த டிராப்பிஸ்ட் துறவிகளின் மடத்துக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தார். அவரிடம் காந்தி கற்றார். காந்தியிடம் பையன்கள் கற்றார்கள். நன்றாகச் சம்பாதித்த கட்டடக் கலைஞரும் பாரிஸ்டர் பட்டம் பெற்ற வழக்கறிஞரும் தோலை அறுத்து வார் தைப்பதை அந்தப் பையன்கள் முன்பு பார்த்திருப்பார்களா? நம் ஊரில் செருப்புத் தைப்பவரை எங்கே நிறுத்தி வைத்திருந்தோம் என்பதை நினைத்தால், ஒரு பையனின் மனத்தில் அந்தக் காட்சி எதை உடைத்திருக்கும் என்று புரியும்.

மலம் அள்ளும் வேலையும் அப்படித்தான். பண்ணையில் அதற்கென்று தனி ஆள் கிடையாது, தனிச் சாதி கிடையாது. ஆழமில்லாத குழி வெட்டி, கழிவைப் போட்டு, வெட்டிய மண்ணையே மேலே தள்ளி மூடிவிட வேண்டும். அது எருவாகும், ஈ மொய்க்காது. சமையல் கட்டின் கழிவுநீரை வாளியில் பிடித்து மரத்துக்கு ஊற்றினார்கள். இத்தனை பேர் இருந்தும் எங்கும் குப்பையோ நாற்றமோ இல்லை என்று காந்தி பின்னாளில் பெருமையாக எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தமிழ்நாட்டில் ஏதோ ஒரு பள்ளியில் மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்தார்கள் என்ற செய்தி அவ்வப்போது வருகிறது. ஊரே கொதிக்கிறது, கொதிப்பது நியாயம். ஏனென்றால் அங்கே வாளியைத் தூக்குவது பெரும்பாலும் யாரும் கேட்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளை. ஏவியவர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. அது தண்டனை, அல்லது சாதி. டால்ஸ்டாய் பண்ணையில் ஒரு விதி இருந்தது: ஆசிரியர் செய்யாத எதையும் பிள்ளைகளைச் செய்யச் சொல்லக் கூடாது, பிள்ளைகள் வேலை செய்யும்போது கூடவே ஓர் ஆசிரியர் அதே வேலையைச் செய்துகொண்டிருக்க வேண்டும். அந்தப் பண்ணையின் கல்வி முழுவதும் இந்த ஒரு விதியில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தவை.

பிள்ளைகள் எல்லோரும் உத்தமர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களில் சிலர், சில நாள் எல்லோருமே, வேலைக்கு டிமிக்கி கொடுத்தார்கள். காந்தி சில சமயம் கண்டும் காணாமல் விட்டார், பல சமயம் கண்டிப்பாக இருந்தார்.

நடை விஷயத்திலும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பண்ணைக் காரியமாக ஜோகன்னஸ்பர்க் போகிறவர் மூன்றாம் வகுப்பு ரயிலில் போகலாம். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர் நடந்துதான் போக வேண்டும், சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு. கையால் திரிகையில் அரைத்த கோதுமை மாவு ரொட்டி, பண்ணையிலேயே அரைத்த வேர்க்கடலை வெண்ணெய், ஆரஞ்சுத் தோலில் செய்த மார்மலேட். அதிகாலை 2 மணிக்குக் கிளம்பினால் ஆறேழு மணி நேரத்தில் நகரம் வந்துவிடும். மிக விரைவாக நடந்து சேர்ந்தவருக்கு 4 மணி 18 நிமிடம் ஆனதாம். இளவட்டங்களுக்கு அது சுமையாக இருக்கவில்லை, விளையாட்டாக இருந்தது. தன் உல்லாசத்துக்குப் பொதுப் பணத்தில் கை வைக்கக் கூடாது என்ற பாடம் காலில் ஏறியது.

பள்ளிக்கூடம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். காலை முழுக்கத் தோட்ட வேலை முடித்துவிட்டு ஆசிரியர்களும் மாணவர்களும் சோர்ந்து உட்காருவார்கள். தூக்கம் வந்தால் கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொள்வார்கள். இந்தி, தமிழ், குஜராத்தி, உருது எல்லாம் நடந்தன. தமிழ் வாத்தியார் காந்தி! கப்பலிலும் சிறையிலும் ஜி.யு. போப்பின் கைந்நூலை வைத்துப் படித்த தமிழ். அதைத் தாண்டி அவர் போகவில்லை. அந்தத் தமிழ்ப் பிள்ளைகளுக்கோ தமிழ் பேச வரும், எழுத வராது. அவர் எழுத்தும் இலக்கணமும் சொல்லிக்கொடுத்தார். ஆங்கிலம் தெரியாத தமிழர் யாராவது அவரைப் பார்க்க வந்தால் அதே பிள்ளைகள் மொழிபெயர்த்துச் சொன்னார்கள். தமக்குத் தெரியாததை அவர் அவர்களிடம் மறைக்கவே இல்லை. பெரியவருக்குத் துணையாகத் தன் அறிவு பயன்படுகிறது என்று கண்டுகொள்ளும் பையன் ஒரு முழம் வளர்ந்துவிடுகிறான். பத்து மதிப்பெண் சான்றிதழ் அந்த உயரத்தைத் தருவதில்லை.

ஆன்மிகப் பயிற்சி எப்படி நடந்தது? ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் மதத்தின் அடிப்படையையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று காந்தி விரும்பினார். அதற்கான புத்தகங்கள் இருந்தன, மாலையில் பஜனை இருந்தது, ராமாயணமோ இஸ்லாமிய நூலோ வாசிக்கப்பட்டது. ஆனால் உடலுக்குப் பயிற்சி உடற்பயிற்சியால்தான் வருவதுபோல ஆன்மாவுக்குப் பயிற்சி ஆன்மாவைப் பழக்குவதால்தான் வரும், அது பெரிதும் ஆசிரியரின் வாழ்க்கையைப் பொறுத்தது என்ற முடிவுக்கு அவர் அங்கேதான் வந்தார். பொய் சொல்லும் ஆசிரியரால் பையன்களுக்கு உண்மை பேசக் கற்றுத்தர முடியாது. கோழையால் வீரத்தைக் கற்றுத்தர முடியாது. பிள்ளைகளுக்காகவே தாம் ஒழுங்காக வாழ வேண்டியிருந்தது என்றும், ஆகவே அவர்களே தம் ஆசிரியர்கள் என்றும் அவர் எழுதுகிறார்.

ரமலான் மாதம் வந்தது. முஸ்லிம் பிள்ளைகள் நோன்பிருந்தார்கள். அவர்களுக்குத் துணையாக மற்றப் பிள்ளைகளும் பகலில் சாப்பிடாமல் இருந்தார்கள். கட்டாயம் எதுவும் இல்லை. பக்கத்தில் இருப்பவன் பசித்திருக்கும்போது தானும் பசித்திருப்பது எப்படி இருக்கும் என்று பன்னிரண்டு வயதில் அறிந்த பையனுக்கு, பிற்காலத்தில் மத நல்லிணக்கம் பற்றி யாரும் சொற்பொழிவு ஆற்றத் தேவையிருக்காது.

பதினேழு வயதுப் பையன் ஒருவன் அங்கே இருந்தான். முரடன், பொய் சொல்வான், எல்லோரிடமும் சண்டைக்குப் போவான். ஒருநாள் எல்லை மீறிப் போனான். பிள்ளைகளை அடிப்பதே இல்லை என்றிருந்த காந்தி, சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, கையில் கிடைத்த ரூல்தடியால் அவன் தோளுக்குக் கீழே ஓர் அடி கொடுத்தார். அடிக்கும்போது அவர் கை நடுங்கியது. நல்ல உடற்கட்டு உள்ள பையன் அவன், திருப்பி அடித்திருக்கலாம். அவன் அழுதான், மன்னிப்புக் கேட்டான். வலியால் அல்ல, தன்னை அடிக்க நேர்ந்ததில் அவருக்கு உண்டான வேதனையைப் பார்த்துத்தான் அழுதான் என்று காந்தி நம்பினார். அதற்குப் பிறகு அவன் அவர் பேச்சை மீறவில்லை. அடி பலித்துவிட்டது என்று அவர் திருப்திப்படவில்லை என்பதுதான் முக்கியம். தமக்குள் இருந்த மிருகத்தை அன்று அவனுக்குக் காட்டிவிட்டதாக நினைத்து வருந்தினார். “அடியாத மாடு பணியாது” என்பதைப் பிள்ளை வளர்ப்புக்கும் பொருத்திப் பேசும் பெரியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அடித்தவருக்கு வலித்ததா என்று அவர்களைக் கேட்க வேண்டும்.

இப்படிப்பட்ட பையன்களைப் பற்றித்தான் காலன்பாக் ஒருமுறை ஆட்சேபம் சொன்னார். சோம்பேறிகளோடும் பொறுக்கித்தனம் செய்கிறவர்களோடும் உங்கள் சொந்தப் பிள்ளைகளைப் பழக விடலாமா, கெட்டுப் போக மாட்டார்களா என்று கேட்டார். என் பிள்ளை வேறு, அவன் பிள்ளை வேறு என்று எப்படிப் பிரிப்பது என்பது காந்தியின் பதில். பெரியவர்கள் விழிப்போடு இருந்தால் பிள்ளைகள் கெட மாட்டார்கள் என்றார்.

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கும். அதற்கு ஒரு விலை இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். மூத்த மகன் ஹரிலால் பலமுறை சிறை சென்ற சத்தியாக்கிரகி, துணிவுக்குக் குறைவில்லை. தனக்கு முறையான பள்ளிக் கல்வி மறுக்கப்பட்டது என்ற ஆதங்கம் அவரை விட்டு அகலவில்லை. 1911-இல் தந்தையைப் பிரிந்து இந்தியா திரும்பினார். அந்தப் பிளவு கடைசிவரை ஆறவில்லை. கைத்தொழிலும் பிரார்த்தனையும் ஏட்டுக் கல்விக்கு மாற்று ஆகிவிடாது. கற்க ஆசைப்படும் பையனின் விருப்பத்தைக் கேட்காமல் அவன் வாழ்க்கையைப் பரிசோதனைக் களமாக்க எந்தத் தந்தைக்கும் உரிமை கிடையாது. ஊருக்கெல்லாம் வாத்தியாராக இருந்தவர் தம் மூத்த மகனிடம் தோற்றார். பண்ணையைப் போற்றுகிறவர்கள் இதைக் கடந்து போய்விடக் கூடாது.

1913-இன் தொடக்கத்தில் காந்தி நேட்டாலில் இருந்த ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குத் திரும்ப, லாலி பண்ணை கலைந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் அவர் தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பும்போது, போராட்டத்தில் பலமுறை சிறை கண்ட தமிழர் தலைவர் தம்பி நாயுடு தம் நான்கு மகன்களையும் அவரிடம் ஒப்படைத்தார். நாட்டுக்காக என்றே கொடுத்தார்.

ஃபீனிக்ஸ் பிள்ளைகளோடு சேர்ந்து அவர்கள் கடல் கடந்து, காந்திக்கு முன்பே சாந்திநிகேதன் போய்ச் சேர்ந்தார்கள். தாகூரின் பள்ளியில் இருந்துகொண்டே தங்கள் சமையல், துப்புரவு எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். காந்தி வந்து பார்த்துவிட்டு, மற்ற மாணவர்களும் ஆசிரியர்களும் இதைச் செய்தால் என்ன என்று கேட்டார். தாகூர் ஒப்புக்கொண்டார். 1915 மார்ச் 10 அன்று சமையல்காரர்களும் துப்புரவாளர்களும் இல்லாத சாந்திநிகேதன் தொடங்கியது. ஒரு கூட்டம் காய் நறுக்கியது, ஒரு கூட்டம் தானியம் புடைத்தது. பெரிய பெரிய பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அலுப்புத் தெரியாமல் இருக்கச் சில மாணவர்கள் சிதார் வாசித்தார்கள். ஏற்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை. மார்ச் 10 மட்டும் இன்றும் அங்கே ‘காந்தி புண்யாஹ’ என்று அனுசரிக்கப்படுகிறது.

தம்பி நாயுடுவின் மகன்களில் நாரன்சாமி பின்னர் தென்னாப்பிரிக்கா திரும்பி, அங்குள்ள இந்தியர் இயக்கத்தில் முன்னின்றார். அவர் மகன் இந்திரஸ் 1963-இல் நிறவெறி அரசால் கைதாகி, ராபன் தீவுச் சிறையில் 10 ஆண்டுகள் கல்லுடைத்தார்.