மனசுக்கும் ஒரு பயிற்சி
கீமோ முடிந்த பிறகும், மறுபரிசோதனைத் தேதி நெருங்கினால் எனக்குத் தூக்கம் போய்விடும். "தைரியமா இரு" என்று அக்கா ஊரிலிருந்து போனில் சொல்வாள். எப்படி இருப்பது? இங்கே மும்பையில் ஒரு மனநல ஆலோசகர்தான் இந்தியில் சொல்லித் தந்தார். 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய சிகிச்சைமுறையில் வந்த எளிய பயிற்சி அது.

நோட்டில் 3 கட்டம்: நடந்தது, தோன்றிய எண்ணம், அதற்கான சான்று. 'முதுகுவலி', 'நோய் திரும்பிவிட்டது', 'நேற்று லோக்கல் ரயிலில் நின்றே வந்தேன், வலி நீடித்தால் டாக்டரிடம் காட்டணும்'. எழுதிப் பார்த்தால் எண்ணம் வேறு, உண்மை வேறு என்பது புரிகிறது.

இது கட்டியைக் கரைக்காது. சிகிச்சைக்கு மாற்றும் அல்ல. பயத்தோடு நாளைக் கழிக்கக் கற்றுத்தரும். அன்பர்களே, நோட்டில் தமிழிலேயே எழுதுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பயம் நமக்குத் தமிழில்தானே வருகிறது!