பழங்கப்பல்களின் சிற்றுருவங்கள்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழன்பர்கள் கண்ணுக்கு முதலில் பழகிய மிதவை தெப்பமாகத்தான் இருக்கும். திருமலையில் பால்குன மாதப் பௌர்ணமியோடு நிறைவுறும் தெப்போற்சவத்தில், முதல் நாள் இராமபிரானும், மறுநாள் கண்ணபிரானும், பின் மூன்று நாட்கள் மலையப்ப சுவாமியும் புஷ்கரிணியை வலம் வருகிறார்கள். கடலோ நெடுந்தொலைவு. பழைய சித்தூர் மாவட்டத்திற்குக் கடற்கரையே இருந்ததில்லை. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது, சூலூர்ப்பேட்டை, கூடூர்ப் பகுதிகள் அதனுடன் சேர, பழவேற்காட்டு ஏரியின் வடபுறமும் அதனை அடுத்த கடலும் நம்மைத் தேடி வந்து சேர்ந்தன எனலாம். அக்கரையிலுள்ள துகராஜபட்டினத்தில்தான் 1626-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பண்டகசாலை ஒன்றை அமைத்தனர். சென்னைக்கு அவர்கள் குடியேறியது 1639-க்குப் பிறகே.

அலை மோதும் இத்தகைய கரையில் பெருங்கப்பல் அணுக இயலாது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கையும் மனிதரையும் கரை சேர்த்தது மசூலாப் படகு. ஆணியே இல்லாத படகு அது. உள்ளே விலாச் சட்டங்களும் கிடையா. பலகைகளின் விளிம்புகளில் துளையிட்டு, இணைப்பின் மேல் வைக்கோல் திரணையை வைத்து, தென்னங்கயிற்றால் தைத்துவிடுவார்கள். ஆணி அறைந்த விறைப்பான படகு அலையில் தூக்கி மணலில் அறையப்படும்போது பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். 'இவ்வளவு எளிய பொருளா!' என்று வியந்தே அயல்நாட்டுப் பயணிகள் அதில் ஏறினார்கள். இறங்கும்போது நனைந்திருந்தார்கள் என்பது வேறு.

இன்று கரையெங்கும் ஃபைபர் படகுகள். தைக்கும் கை குறைந்துவிட்டது. அக்கை அறிந்ததை எதில் காப்பது? ஓவியம் வெளிப்புறத்தைக் காட்டும். தையல் எப்படி உட்புறம் செல்கிறது என்பதைக் காட்டாது. இங்கேதான் அளவு மாறாத சிற்றுருவத்தின் பயன் விளங்குகிறது. எட்மோன் பாரி என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி உலகைச் சுற்றி வந்த தம் பயணங்களில், சோழமண்டலக் கரைப் படகுகள் உட்பட ஐரோப்பியர் அல்லாதாரின் மரக்கலங்களை அளந்து வரைந்து, 1840-களின் தொடக்கத்தில் பெருநூலாக வெளியிட்டார். 1871-இல் பாரிசு நகரின் லூவர் மாளிகையில் இருந்த கடற்படை அருங்காட்சியகத்தின் காப்பாளரானதும், அவ்வரைபடங்களைக் கொண்டு மாதிரிகள் செய்வித்தார். விபத்தொன்றில் ஒரு கையை இழந்தவர் அவர் என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. நம்மவர் யாரும் அளந்து வைக்காததை அவர் அளந்தார். பிற்காலத்தில் சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதினார்.

வீட்டில் செய்ய விரும்பும் அன்பர்கள் அடிக்கு அரை அங்குலம் என்ற அளவைக் கொள்ளலாம். 30 அடிப் படகு 15 அங்குலமாகும். ஓரங்குலப் பலகை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆகிவிடும். திருப்பதியில் மரப்பாச்சி செய்யும் செம்மரம் இதற்கு ஆகாது. தண்ணீரில் அமிழும் அளவுக்கு அது கனம். காட்டில் வெட்டுவதோ குற்றம். பொம்மைக்குப் பயன்படும் வெட்பாலை மெதுவானது, நன்றாக வளையும். பலகையை வெந்நீரில் ஊறவைத்து, அச்சின் மேல் கட்டி, ஓரிரவு உலரவிட வேண்டும். துளைகளை ஒரே மர இழையின் வழியே வரிசையாக இடலாகாது. என் முதல் பலகை அப்படித்தான் நீளவாக்கில் இரண்டாயிற்று. துளைகளைச் சற்றே முன்பின்னாக இடுங்கள். கயிற்றுக்குத் தேயிலை நீரில் தோய்த்த பருத்தி நூல் போதும்.

எடையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நீளம் 24-இல் ஒன்றாகக் குறையும்போது, எடை 24 பங்காகக் குறைவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் 13,824-இல் ஒன்றாகிவிடுகிறது. ஒரு டன் எடையுள்ள படகின் மாதிரி 72 கிராம்தான் இருக்க வேண்டும். அதனால்தான் மாதிரியைத் தொட்டியில் விட்டால் பெரும்பாலும் அசலைவிட ஆழமாகவோ மேலாகவோ மிதக்கிறது. அடியில் ஈயத்துண்டு வைத்தோ, பலகையை இழைத்தோ சரிசெய்ய வேண்டும்.

தைத்து முடித்ததும் மெழுகோ வார்னிஷோ பூசித் துளைகளை அடைக்க ஆவல் எழும். பூசாதீர்கள். நீரில் விட்டால் தையல் வழியே கசியத்தான் செய்யும். அசல் படகிலும் கசிந்தது. அதற்கென்றே நீர் இறைக்கும் ஆள் ஒருவர் அதில் ஏறினார்.