செட்டைப் பிரிக்காதீங்க!

மகிழ்மதி அரண்மனைச் சுவரை விரலால் தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் வரும். உள்ளே கல் கிடையாது. சட்டம் அடித்து, அதன்மேல் அச்சில் வார்த்த பாளங்களைப் பொருத்தி, கருங்கல் போலவே தெரியும்படி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டியில் ‘பாகுபலி’ செட்டுக்குள் நுழைகிற பெரியவர்கள் எல்லாரும் போட்டோவுக்கு நிற்கிறார்கள். தட்டிப் பார்ப்பது குழந்தைகள்தான். என் மகளும் தட்டினாள். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இதை யாருப்பா செஞ்சாங்க?” என்று கேட்டாள். ஆர்ட் டைரக்டரின் பெயரைச் சொல்லிவிடலாம். சட்டம் அடித்த கார்பென்டரையும் பாளம் வார்த்த மோல்டரையும் யார் பெயர் சொல்லி அறிமுகம் செய்வது?

விடுமுறைக்குக் குடும்பத்தோடு போக நாங்கள் தேர்ந்தெடுத்த இடம் ஃபிலிம் சிட்டி. எங்கள் வீட்டில் சினிமா என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் என்கிற கூட்டம். சேலத்துக்காரியான அம்மா, மனைவி, மகள் எல்லாருமாகக் கிளம்பிவிட்டோம்.

போகிறவர்களுக்குத் தேவையானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத் நகரத்திலிருந்து விஜயவாடா போகும் நெடுஞ்சாலையில் சுமார் 30 கி.மீ. தொலைவு. 1996-ல் தொடங்கப்பட்டது. சுமார் 1,666 ஏக்கர் பரப்பு. உலகின் மிகப்பெரிய ஃபிலிம் ஸ்டுடியோ வளாகம் என்று கின்னஸில் பதிவாகியிருக்கிறது. காலையிலேயே உள்ளே போய்விட்டால் சாயங்காலம் வரை சரியாக இருக்கும். உள்ளே சிவப்பு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டுகிறார்கள். வயதானவர்களுக்குத் தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் அவசியம். பூங்கா, பறவைகள், ராட்டினம் எல்லாம் உண்டு. அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். சினிமா ரசிகனுக்கு விருந்து வேறு இடத்தில் இருக்கிறது.

‘மூவி மேஜிக்’ அரங்கில் பார்வையாளர்களிலிருந்தே ஆட்களை மேடைக்கு அழைக்கிறார்கள். என் மனைவியைக் கூப்பிட்டார்கள். ‘ஷோலே’ படத்தில் பசந்தி குதிரை வண்டியை விரட்டிக்கொண்டு ஓடும் காட்சிதான் பாடம். மேடையில் வண்டி மட்டும் நிற்கிறது, குதிரை இல்லை. சாட்டையைக் கையில் கொடுத்து, பயந்த முகத்தோடு திரும்பித் திரும்பிப் பார்க்கச் சொன்னார்கள். பின்னால் நின்ற ஆட்கள் வண்டியைப் பிடித்து உலுக்கினார்கள். அவ்வளவுதான் ஷூட்டிங். அடுத்த அரங்கில் சத்தம் சேர்க்கிறார்கள். குளம்பொலி, காற்று, வண்டிச் சக்கரம் எல்லாவற்றையும் கைக்குக் கிடைத்த பொருட்களை வைத்து, வந்திருந்தவர்களையே செய்யச் சொல்கிறார்கள். அதற்கடுத்த அரங்கில் திரையில் பார்த்தால், கொள்ளைக்காரர்கள் துரத்த, புழுதி பறக்க, என் மனைவி வண்டி ஓட்டிக்கொண்டு போகிறாள்! அம்மா கைதட்டி ஓயவில்லை. “இத்தனை வருசமா படம் பாக்கறேன், இப்படித்தான் பண்றாங்கன்னு யாரும் சொல்லலியேடா” என்றார்.

அம்மா பார்த்த படங்களின் எண்ணிக்கை அவருக்கே தெரியாது. அவ்வளவு பார்த்தவருக்கு ஒரு காட்சி எப்படி உருவாகிறது என்று கண்முன் காட்ட ஒரு இடம் இத்தனை காலம் வாய்க்கவில்லை. அந்த அரங்கிலிருந்து வெளியே வந்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிட ஆதங்கம்தான் மிஞ்சியிருந்தது. அதன்பிறகு பார்த்ததையெல்லாம் அந்த ஆதங்கத்தோடுதான் பார்த்தேன். ஒரே கட்டடம் முன்பக்கம் ஒன்றாகவும் பக்கவாட்டில் வேறொன்றாகவும் தோன்றும்படி கட்டியிருக்கிறார்கள். ரயில் நிலையத்தில் பெயர்ப்பலகையை மாற்றிவிட்டால் எந்த ஊர் வேண்டுமானாலும் தயார். கேமரா எங்கே நிற்கிறது, எது அதன் கண்ணில் படாது என்று கணக்குப் போட்டுச் செய்த வேலை. இதே கணக்கைக் கரைத்துக் குடித்தவர்கள் கோடம்பாக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். அவர்கள் செய்ததில் நம் பிள்ளைகளுக்குக் காட்ட என்ன மிச்சம்?

மகிழ்மதி செட் ஏன் இன்னும் நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கதை இரண்டு பாகம். 2015-ல் முதல் பாகமும் 2017-ல் இரண்டாம் பாகமும் வந்தன. முதல் பாகம் முடிந்த கையோடு பிரித்திருந்தால் மறுபடி கட்ட வேண்டியிருக்கும். அதனால் நின்றது, வேலை முடிந்தபின் ரசிகர்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். லண்டனுக்கு வடமேற்கே லீவ்ஸ்டன் என்ற இடத்தில் ஹாரி பாட்டர் ஸ்டுடியோ டூர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்கள் தயாரித்த தொழிற்சாலை அது. அங்கே பத்து வருடங்களில் எட்டுப் படங்கள் எடுத்தார்கள். அடுத்த படத்துக்கும் அதே ஹாக்வார்ட்ஸ் வேண்டும், அதே சாப்பாட்டுக்கூடம் வேண்டும். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வருடக்கணக்கில் மிதிக்கப் போகிற தரை என்பதால் அந்தக் கூடத்துக்கு நிஜக் கல்லையே பாவினார்கள். மந்திரக்கோல் கடைக்கு 17,000 பெட்டிகள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக லேபிள். கோட்டையின் மாதிரியை 24-ல் ஒரு பங்கு அளவில் 86 கலைஞர்கள் சேர்ந்து செய்தார்கள். படங்கள் முடிந்த மறுவருடம், 2012-ல், அத்தனையையும் அதே இடத்தில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

நியூசிலாந்தில் மாட்டமாட்டா ஊர்ப்பக்கம் ஒரு ஆட்டுப்பண்ணையில் போட்ட ஹாபிட்டன் கிராமம் இன்னும் தெளிவான சாட்சி. ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களுக்காக பிளைவுட், தெர்மாகோல் போன்றவற்றால் தற்காலிகமாகப் போட்டது; எடுத்து முடிந்ததும் பிரிக்க ஆரம்பித்தார்கள். பாதி பிரித்த நிலையில் மிஞ்சிய வெற்று முகப்புகளைப் பார்க்கவே ரசிகர்கள் தேடி வந்தார்கள். பிறகு ‘ஹாபிட்’ படங்கள் முடிவானபோது, இந்தமுறை நிரந்தரமாக இருக்கட்டும் என்று 44 குழிவீடுகளை உறுதியாகக் கட்டினார்கள். அடுத்த படம் வந்த இடங்களில்தான் செட் பிழைத்திருக்கிறது. ரசிகன் தேடி வருவான் என்பதைப் பிறகுதான் கண்டுகொண்டார்கள்.

கோடம்பாக்கத்தின் பொருளாதாரம் வேறு. ஆரம்பகாலப் பெரிய ஸ்டுடியோக்களில் நடிகர் முதல் தச்சர் வரை மாதச்சம்பளம். துணிமணி, வாள், கேடயம் எல்லாம் கம்பெனிச் சொத்து. பிறகு தனித் தயாரிப்பாளர்கள் பெருகினார்கள். எல்லாம் வாடகைக்கு மாறியது. ஃபுளோர் வாடகை, லைட் வாடகை, சிம்மாசனம் வாடகை, கிரீடம் வாடகை. செட் நிற்கிற ஒவ்வொரு நாளும் தயாரிப்பாளருக்குச் செலவு. கடைசி ஷாட் முடிந்து பேக்கப் சொன்ன கையோடு செட்டைப் பிரிக்க ஆட்கள் உள்ளே வந்துவிடுவார்கள். அடுத்த கம்பெனி அதே ஃபுளோருக்குக் காத்திருக்கும். அரண்மனைத் தூண் அடுத்த வாரம் கோர்ட் வாசலில் நிற்கும். நகையும் உடையும் கொடுத்தவர் பெட்டிக்கே திரும்பிப் போகும். ஒரே சிம்மாசனத்தில் வேறு வேறு நாட்டு ராஜாக்கள் உட்கார்ந்திருப்பதை டி.வி.யில் பழைய படம் ஓடும்போது அம்மா விரல் நீட்டிக் காட்டுவார்.

இந்தச் சிக்கனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கையளவு பணத்தில் கந்தர்வலோகத்தைக் காட்டியது அந்தச் சாமர்த்தியம்தான். ஆனால் அதற்கு நாம் கொடுத்த விலை பெரிது. ‘சந்திரலேகா’வின் முரசு நடனத்தை 1948-ல் ஊரே வாய்பிளந்து பார்த்தது. அந்த முரசு எவ்வளவு பெரியது, எதனால் செய்தது, உள்ளே ஆட்கள் எப்படி நின்றார்கள் என்று என் மகள் கேட்டால் எங்கே அழைத்துப்போய்க் காட்டுவேன்? படமெடுத்த ஜெமினி ஸ்டுடியோ போய்விட்டது. பக்கத்து மேம்பாலத்துக்கு மக்கள் வாயில் அந்தப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ 1962-ல் வந்தது. ஏறக்குறைய முழுப்படமும் விஜயா-வாஹினியில் போட்ட ஒரே மருத்துவமனை செட்டுக்குள் நடந்தது. அந்த நீண்ட வராந்தாவில் கேமரா போய்வந்த விதத்தை இன்றும் வியக்கலாம். அந்த வளாகத்தில் இன்று நிஜ மருத்துவமனையும் வணிக வளாகமும் இயங்குகின்றன. அடையாறு சத்யா ஸ்டுடியோ இருந்த இடத்தில் பெண்கள் கல்லூரி.

சேலத்தின் பேச்சு வந்தால் அம்மா பொறுக்க மாட்டார். ஃபிலிம் சிட்டி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு பேத்தியிடம் சொன்னார்: “எங்க ஊர்லயே இருந்துச்சு கண்ணு, மாடர்ன் தியேட்டர்ஸ். ஏற்காடு ரோட்டுல. எந்த நடிகர் வந்தாலும் வாசல்ல கூட்டம் நிக்கும்.”

“இப்ப போனா உள்ள பாக்கலாமா அப்பத்தா?”

“வாசல் வளைவு மட்டும் இருக்கு.”

1935-ல் தொடங்கி நூறு படங்களுக்கு மேல் எடுத்த கம்பெனி அது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ அங்கே உருவானது. ‘மந்திரி குமாரி’ அங்கே உருவானது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்று சொல்லப்படும் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-ல் அங்கிருந்துதான் வந்தது. ‘திறந்திடு சீசேம்’ என்றதும் நகர்ந்த குகைக்கதவு இன்று இருந்திருந்தால் சேலம் மாவட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதன் முன்னால் நின்று கத்தியிருப்பார்கள்.

நகரத்தின் நடுவே நிலம் விற்கிற விலைக்கு ஸ்டுடியோவை வைத்துக்கொண்டு கட்டுப்படியாகாது என்கிறார்கள். வெளிப்புறப் படப்பிடிப்பு பெருகியபின் ஃபுளோர்களுக்கு வேலை குறைந்ததும் உண்மை. நான் ஃபுளோர்களைத் திருப்பிக் கேட்கவில்லை. ஃபுளோருக்குள் செய்ததைக் கேட்கிறேன். ஒரு படத்துக்கு ஒரு கதவு, ஒரு தூண், ஒரு உடை, ஒரு மினியேச்சர், ஆர்ட் டைரக்டர் கைப்பட வரைந்த ஒரு வரைபடம். இவற்றை வைக்க 1,666 ஏக்கர் வேண்டாம். கைவிடப்பட்ட ஒரே ஒரு ஃபுளோர் போதும்.

படச்சுருளையே காப்பாற்றவில்லையே, செட்டுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நியாயமான வலி அது. 1931-ல் வந்த ‘காளிதாஸ்’ பிரதி ஒன்றுகூட இல்லை. அதற்கு முன் சென்னையில் எடுத்த மௌனப்படமான ‘கீசகவதம்’ இல்லை. பழைய பிரதிகளில் இருந்த வெள்ளிக்காக உருக்கப்பட்டவை எத்தனையோ. அந்தக் காலத்துப் படங்களில் நம் கைக்கு வந்து சேர்ந்திருப்பது பெரும்பாலும் பாட்டுப் புத்தகமும் நோட்டீஸும்தான். அவற்றைக் காப்பாற்றியவன் ரசிகன். கொட்டகை வாசலில் காசு கொடுத்து வாங்கி, டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்தி, பேரன் கைக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அவனுக்குச் செட்டுக்குள் அனுமதி இருந்திருந்தால் அதிலும் ஒரு துண்டைப் பாதுகாத்திருப்பான்.

இப்போது ஆபத்து அதிகம். பச்சைத் திரைக்கு முன்னால் நடிக்கவைத்து, அரண்மனையைக் கம்ப்யூட்டரில் சேர்க்கிறார்கள். எல்.இ.டி. சுவரில் மலையும் கடலும் ஓடுகின்றன. படம் வெளியானதும் அந்த ஃபைல்கள் ஹார்ட் டிஸ்க்கில் தூங்கும். சில வருடங்களில் அதைத் திறக்கிற சாஃப்ட்வேரே மாறிவிடும். பிரித்துப்போட்ட மரச்சட்டமாவது யாரோ ஒருவர் வீட்டு மாடியில் கிடைக்க வாய்ப்புண்டு. அழிந்துபோன ஃபைலுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

நல்ல தொடக்கம் ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. வடபழனியில் ஏவி.எம். ஹெரிடேஜ் மியூசியம் 2023-ல் திறக்கப்பட்டது. பழைய கார்கள், பைக்குகள், படமெடுக்கப் பயன்பட்ட கேமராக்கள் என்று நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியவை. சென்னைக்கு வரும் வெளியூர்க் குடும்பங்கள் கடற்கரைக்கு ஒதுக்குகிற நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கலாம். இதுபோல இன்னும் பல வேண்டும். அவற்றில் செட்டுக்கென்று ஒரு கூடம் இருக்க வேண்டும்.

அதற்குக் காத்திருக்க முடியாத வேலை ஒன்றும் இருக்கிறது. வடபழனி, சாலிகிராமம் சந்துகளில் ஓய்வுபெற்ற மோல்டர்களும் கார்பென்டர்களும் பெயின்டர்களும் இன்னமும் குடியிருக்கிறார்கள். எந்தப் படத்துக்கு எந்த ஃபுளோரில் எதைச் செய்தோம் என்று கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். களிமண்ணில் உரு பிடித்து, அதன்மேல் அச்செடுத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ஊற்றிச் சிலை வார்ப்பதைக் கேட்டால் செய்தே காட்டுவார்கள். அவர்கள் எதிரில் ஒரு கேமராவை வைத்து, பெயரையும் கைவேலையையும் பதிவு செய்யும் வேலையை ஒரு கல்லூரியின் காட்சித் தொடர்பியல் மாணவர்கள் ஒரே பருவத்தில் தொடங்கிவிடலாம். அந்தப் பெரியவர்களில் பலருக்கு எண்பதை நெருங்குகிற வயது. இந்த வருடமே தொடங்க வேண்டும்.